பதின்மூன்று வாரங்களுக்கு ஒரு வாரம்

நியூ ஜெர்சியில் வீடிழந்த குடும்பங்களுக்குத் தங்க இடமும் உண்ண உணவும் தரும் பல்சமய அமைப்பு ஒன்றின் உள்ளூர்க் கிளையில் நான் பல ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருந்து வருகிறேன். இன்று ‘ஃபேமிலி பிராமிஸ்’ என்ற பெயரில் அமெரிக்காவின் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இயங்கும் இந்த அமைப்பு, தொடக்கத்தில் ‘இன்டர்ஃபெய்த் ஹாஸ்பிடாலிட்டி நெட்வொர்க்’ என்று அழைக்கப்பட்டது. இதன் வரலாற்றை நான் படித்துவிட்டு வேலைக்கு வரவில்லை. வேலை செய்துகொண்டிருக்கும்போதே, ஏன் இந்த விதி, ஏன் இத்தனை பேர் மட்டும், ஏன் ஞாயிற்றுக்கிழமையில் மாற்றம் என்று மூத்தவர்களைக் கேட்டுக் கேட்டுத்தான் அறிந்துகொண்டேன். அதனால் வரலாறு வேறு, அனுபவம் வேறு என்று பிரித்து எழுத எனக்கு வரவில்லை.

1980களின் தொடக்கத்தில் நியூயார்க் நகரத் தெருக்களில் வீடற்றோரின் எண்ணிக்கை கண்கூடாகப் பெருகியது. குறைந்த வாடகைக்கு ஒற்றை அறை கிடைத்த பழைய விடுதிகள் இடிக்கப்பட்டன, அல்லது விலையுயர்ந்த குடியிருப்புகளாக மாற்றப்பட்டன. ரீகன் ஆட்சியில், ஏழைகளின் வீட்டுவசதிக்கென மத்திய அரசு புதிதாக ஒதுக்கும் நிதி கடுமையாகக் குறைக்கப்பட்டது. வீடற்றவர் என்றாலே தனியாகத் திரியும் ஆண் என்று எண்ணிப் பழகியிருந்த நாடு, 1930களின் பெருமந்தத்துக்குப் பிறகு குழந்தைகளோடு நிற்கும் தாய்மார்களைப் பெருமளவில் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான். மன்ஹாட்டனின் மார்ட்டினிக் போன்ற பழைய ஹோட்டல்களில் நகர நிர்வாகமே வாடகை கொடுத்து நூற்றுக்கணக்கான குடும்பங்களை அடைத்துவைத்திருந்த காலம் அது.

அந்நாளில் கேரன் ஓல்சன் நியூயார்க்கில் சந்தைப்படுத்தல் துறையில் அதிகாரியாக இருந்தார். கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தருகே அடிக்கடி கடந்துபோன வீடற்ற மூதாட்டி ஒருவருக்கு 1982-இல் ஒரு நாள் அவர் சாண்ட்விச் வாங்கிக் கொடுத்து, நின்று பேசினார். பின்னர் தம் இரு மகன்களையும் அழைத்துக்கொண்டு தெருவில் இருப்போருக்கு உணவு கொண்டுசெல்லத் தொடங்கினார். அமைப்பின் கதையை எவர் சொன்னாலும் இந்தச் சாண்ட்விச்சிலிருந்துதான் தொடங்குவார். எனக்கென்னவோ அதற்கு அடுத்து நடந்ததே பெரிதாகத் தோன்றுகிறது. வீடற்ற குடும்பங்கள் ஆற்றுக்கு அப்பால் நியூயார்க்கில் மட்டுமல்ல, தம் சொந்த யூனியன் கவுண்டியிலேயே இருக்கின்றன என்று அவர் கண்டுகொண்டார். எலிசபெத், பிளெயின்ஃபீல்ட் போன்ற உழைப்பாளர் நகரங்களும், சம்மிட், வெஸ்ட்ஃபீல்ட் போன்ற வசதி மிக்க ஊர்களும் சில மைல் இடைவெளியில் அமைந்த கவுண்டி அது. அங்கிருந்த சமயச் சபைகளிடம் சென்று அவர் முதலில் கேட்டது பணம் அன்று. இரவில் பூட்டிக்கிடக்கும் அறைகளைத்தான் கேட்டார்.

தேவாலயங்களிலும் யூத ஜெப ஆலயங்களிலும் குழந்தைகளின் சமய வகுப்புகளுக்கென்று கட்டப்பட்ட அறைகள் வாரத்தில் பெரும்பாலான இரவுகளில் காலியாகவே இருக்கும். சமையலறை இருக்கும், கழிப்பறை இருக்கும், கார் நிறுத்த இடம் இருக்கும். இல்லாதவை கட்டிலும் குளியலறையும் மட்டுமே. பத்து மாதங்களில் 11 சபைகள் அறை தர முன்வந்தன. உள்ளூர் ஒய்.எம்.சி.ஏ. குளிக்கவும் பகலில் தங்கவும் இடம் கொடுத்தது. கார் விற்பனையாளர் ஒருவர் தள்ளுபடி விலையில் வேன் கொடுத்தார். 1986 அக்டோபர் 27 அன்று முதல் வலையமைப்பு இயங்கத் தொடங்கியது. கட்டடம் எழுப்பி, நிதி திரட்டி, திறப்பு விழா நடத்திப் பிறகு பணியாற்றுவது என்று திட்டமிட்டிருந்தால் அந்த ஆண்டுக் குளிர்காலத்துக்குள் ஒரு குடும்பத்துக்கும் படுக்கை கிடைத்திருக்காது என்பது எளிதில் விளங்கும். செய்தி பரவியதும் மேலும் பத்துச் சபைகள் சேர்ந்து இரண்டாவது வலையமைப்பை உருவாக்கின. மற்ற ஊர்களிலிருந்தும் அழைப்பு வரவே, 1988-இல் தேசிய அமைப்பு உருவாயிற்று. இப்போதைய பெயர் 2003-இல் வந்தது.

இதன் உள்கணக்கு எளிமையானது, ஆனால் நுட்பமானது. ஒரு சபை ஒரு வாரம் முழுவதும் குடும்பங்களை ஏற்கும். ஞாயிற்றுக்கிழமை அவை அடுத்த சபைக்கு மாறும். பதின்மூன்று சபைகள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு வாரம், ஆண்டுக்கு நான்கு வாரம் மட்டுமே முறை வரும். ஒரு நேரத்தில் மூன்று முதல் ஐந்து குடும்பங்கள், மொத்தம் 14 பேருக்கு மேல் கூடாது. பதினான்கு பேருக்குச் சமைப்பது ஒரு வீட்டு அடுப்பில் முடிகிற காரியம். ஓட்டுநரோடு பதினைந்து பேர் அமரும் வேனில் அனைவரும் ஒரே நடையில் போய்விடலாம். தன்னார்வப் பணியில் ஆட்கள் விலகுவதற்குப் பெரும்பாலும் மனமின்மை காரணமல்ல, முடிவு தெரியாத சுமையே காரணம் என்பதைப் பல குழுக்களில் கண்டிருக்கிறேன். அடுத்த முறை எப்போது, எத்தனை நாள் என்று தெரிந்தால் எண்பது வயது மூதாட்டிகூட நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொண்டு வருகிறார்.

தங்குமிடங்கள் பல ஏற்கெனவே இருந்தும் இப்படியொன்று ஏன் தேவைப்பட்டது என்ற கேள்விக்கு, நான் கேட்ட விடை ‘குடும்பம்’ என்பதுதான். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான தங்குமிடங்கள் பலவற்றில் தந்தைக்கு இடமில்லை. சில இடங்களில் பதின்ம வயது மகனுக்கும் இடமில்லை. அதனால் தாய் ஓரிடம், தந்தை வேறிடம், மகன் நண்பன் வீட்டுச் சோபாவில் என்று குடும்பம் சிதறிவிடும். இங்கே தந்தையும் பதினாறு வயது மகனும் பாட்டியும் ஒரே அறையில் உறங்கலாம். வேறு எந்தச் சிறப்பைவிடவும் இந்த ஒன்றுக்காகவே வந்து காத்திருந்த குடும்பங்களை நான் அறிவேன்.

எங்கள் தமிழ்க் குழு இதில் நுழைந்தது பக்கவாட்டு வழியாக. கோயில்களால் இரவு விருந்தினரை ஏற்பது இங்கே கடினம். இரவில் நடை சாத்தப்படும், நைவேத்தியச் சமையலறையில் வெளிச் சமையலுக்கு இடமில்லை, தனியறைகளும் குறைவு. ஆகவே அருகிலிருந்த ஒரு பிரெஸ்பிட்டேரியன் தேவாலயத்துக்குத் துணைக் குழுவாகச் சேர்ந்து, அதன் முறை வரும் வாரத்தில் சில இரவு உணவுகளையும் சில இரவுக் காவல்களையும் ஏற்றுக்கொண்டோம். இப்படித் துணை நிற்கும் வழி இருப்பதால்தான், இரவில் அறை தர இயலாத கோயில்களும் பள்ளிவாசல்களும் சிறிய சபைகளும் இவ்வமைப்புக்குள் வர முடிகிறது. பல்சமயப் பணி என்றால் எல்லாரும் ஒரே வேலையைச் சமமாகச் செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அன்னதானப் பழக்கமுள்ள நமக்குப் பெரிய அண்டாவில் ஐந்நூறு பேருக்குச் சமைப்பது கைவந்த கலை. இங்கே வேண்டியிருந்தது வேறு. பதினான்கு பேருக்குச் சமைத்து, அவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து நாமும் உண்ண வேண்டும் என்பது விதி. பரிமாறிவிட்டுக் கைகட்டி ஓரமாக நிற்கக் கூடாது. எங்கள் பெண்கள் சிலருக்கு முதலில் இது கூச்சமாக இருந்தது. விருந்தினர் உண்டு முடித்த பின்பே உண்பது என்ற வளர்ப்பு அது. ஆனால் நின்றுகொண்டு பார்ப்பவர்களின் முன்னால் உண்பது எவருக்கும் விழுங்கக் கடினமானது. மேசையில் அமர்ந்தால் பேச்சு தானாகவே பேஸ்பால் ஆட்டத்துக்கும் பனிப்பொழிவுக்கும் நகர்ந்துவிடுகிறது.

உணவு பற்றிச் சில நடைமுறைக் குறிப்புகளைச் சொல்லியாக வேண்டும். அந்த வாரத் தங்கலில் யாருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை, யார் பன்றியிறைச்சி உண்ணார், யாருக்குச் சர்க்கரை நோய் என்ற விவரத்தை முன்கூட்டியே ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு வாங்கிக்கொண்டுதான் சமையல் பட்டியலைப் போட வேண்டும். எங்கள் குழு சைவம் மட்டுமே சமைக்கும் என்பதால், பாலாடைக்கட்டி சேர்த்து ஓவனில் சுட்ட பாஸ்தா, ராஜ்மாவைக் கொண்டு செய்த ‘சில்லி’ என்ற கெட்டிக் குழம்பு, சோள ரொட்டி ஆகியவற்றில் தொடங்கினோம். காரம் குறைத்த காய்கறிப் பிரியாணியும் பூரி–உருளைக்கிழங்கும் பிறகு குழந்தைகளே கேட்கும் உணவுகளாயின. சோறு கொண்டுபோகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: வடித்த சோற்றை வெளியே மணிக்கணக்கில் வைத்தால் அதில் பாக்டீரியா பெருகி வாந்தி வரவழைக்கும். சூடாக வைப்பதானால் 135 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையக் கூடாது, இல்லையேல் உடனே ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். உணவால் ஏதேனும் நேர்ந்தால் வழக்கு வருமே என்று தயங்குவோர் உண்டு. நல்லெண்ணத்தோடு தொண்டு அமைப்புக்கு உணவு கொடுப்போரை, பெரும் அலட்சியம் இருந்தாலொழிய, 1996-இல் இயற்றப்பட்ட பில் எமர்சன் சட்டம் காக்கிறது.

சமயம் பற்றிய விதி ஒற்றை வரியில் அடங்கும்: பிரசாரம் கூடாது. உண்பதற்கு முன் விருந்தினர் ஜெபிக்க விரும்பினால் ஜெபிக்கலாம், ஆனால் நாம் அழைக்கக் கூடாது. துண்டறிக்கை, ஞாயிறு ஆராதனைக்கான அழைப்பு எதுவும் கூடாது. இந்த விதி இல்லாமல் ஒரு யூத ஜெப ஆலயமும் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயமும் ஒரே அட்டவணையில் ஓராண்டைக் கடந்திருக்க மாட்டா. மாறாக, வேறுபாடே பயன்படும் இடங்களும் உண்டு. கிறிஸ்துமஸ் வாரத்தில் தேவாலயத்தார் நெருக்கடியில் இருக்கும்போது யூதர்கள் காவலுக்கு வருவார்கள். யோம் கிப்பூர், ரோஷ் ஹஷானா ஆகிய யூதப் புனித நாட்களில் கிறித்தவர்கள் ஈடுசெய்வார்கள். நவராத்திரி ஒன்பது நாளும் எங்களைக் கூப்பிடாதீர்கள் என்று நாங்களும் சொல்லிவைத்திருக்கிறோம்.

இரவுக் காவலுக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். அனைவருக்கும் பின்னணிச் சோதனை உண்டு. பயிற்சியின்போது திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது, “எப்படி இந்த நிலைக்கு வந்தீர்கள்?” என்று கேட்காதீர்கள் என்பதுதான். அந்தக் கேள்விக்கு அவர்கள் ஏற்கெனவே நலத்துறை அலுவலகத்திலும் பள்ளியிலும் நீதிமன்றத்திலும் விடையளித்துக் களைத்திருப்பார்கள். படம் எடுக்கக் கூடாது. நம் குழுவின் வாட்ஸாப்பில் போடுவதற்கென்றாலும் கூடாது. இங்கே அந்தக் குழந்தைகளின் வகுப்புத் தோழர்கள் எந்தப் படத்திலும் முகத்தை அடையாளம் கண்டுகொள்வார்கள். குழந்தைக்குப் பொம்மை கொடுப்பதானால் தாயிடமோ தந்தையிடமோ கொடுத்து அவர்கள் கையால் கொடுக்கச் செய்ய வேண்டும். பிள்ளையைக் கண்டிப்பதும் கொஞ்சுவதும் பெற்றோரின் உரிமை; கூரை நம்முடையது என்பதால் அது நமக்கு மாறிவிடாது. உண்மையைச் சொன்னால், தன்னார்வலர்கள் அதிகம் மீறும் விதி இதுதான்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் வேலையில் இருப்பவர்கள் என்பது புதியவர்களை வியப்பில் ஆழ்த்தும். முதியோர் இல்லத்தில் உதவியாளர், கிடங்கில் இரவுப் பணியாளர், பள்ளிப் பேருந்து ஓட்டுநர் போன்றவர்கள் காலை ஏழு மணிக்கு முன்பே வேனிலோ தம் காரிலோ புறப்பட்டுவிடுவார்கள். சம்பளம் வரும் குடும்பம் ஏன் தெருவுக்கு வருகிறது என்பதற்குக் கணக்கு எளிது. நியூ ஜெர்சிச் சட்டப்படி வீட்டுக்காரர் ஒன்றரை மாத வாடகை வரை முன்வைப்பாகக் கேட்கலாம். முதல் மாத வாடகையையும் சேர்த்தால், புதிய வீட்டின் சாவியை வாங்கவே இரண்டரை மாத வாடகை கையில் இருக்க வேண்டும். பழைய வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட வழக்கு பதிவில் இருந்தால் அதற்கும் மேல் சிக்கல். இடையில் வார வாடகை மோட்டலில் தங்கினால் சேமிப்பு கரையும். மோட்டலில் அடுப்பு இருக்காது. அரசின் உணவு மானிய அட்டையைக் கொண்டு பொதுவாகச் சூடான சமைத்த உணவை வாங்க முடியாது. எனவே மானியம் இருந்தும் பசி இருக்கும். வீடின்மையையும் பசியையும் இரு தனித் துறைகளாகப் பார்க்கும் நன்கொடையாளர்களுக்கு நான் இந்த ஒரு செய்தியைத்தான் எடுத்துச் சொல்வேன்.

குழந்தைகளின் பள்ளி விஷயத்தில் சட்டம் துணை நிற்கிறது. 1987-இல் தொடங்கி 2001-இல் வலுப்படுத்தப்பட்ட மெக்கின்னி–வென்டோ சட்டத்தின்படி, வீடிழந்த குழந்தை தன் பழைய பள்ளியிலேயே தொடரலாம், பேருந்து வசதியைப் பள்ளி நிர்வாகமே செய்து தர வேண்டும். ஆவணங்கள் இல்லை என்று சேர்க்கையை மறுக்க முடியாது. இதை அறியாத பெற்றோர் பலர். ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் இதற்கென்று ஓர் அலுவலர் இருக்கிறார் என்பதைச் சொல்லி, அவருடைய தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுப்பது ஒரு நேரச் சாப்பாட்டுக்குக் குறைந்த உதவியன்று. உறவினர் வீட்டில் நெருக்கியடித்துத் தங்கியிருக்கும் குழந்தைகளையும் இச்சட்டம் வீடற்றவர்களாகவே கொள்கிறது. வீட்டுவசதித் துறை ஜனவரியில் எடுக்கும் ஒருநாள் கணக்கெடுப்பு அவர்களைச் சேர்ப்பதில்லை. 2024-ஆம் ஆண்டின் அந்தக் கணக்கே 7,71,480 பேர் என்று காட்டியது. அதுவரை பதிவானவற்றில் அதுவே மிகப் பெரிது.

இனி, அந்தப் பதின்மூன்று வார முறைக்குக் குடும்பங்கள் கொடுத்த விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஞாயிறுதோறும் மடக்குக் கட்டில்களை மடித்து, படுக்கை விரிப்புகளைப் பைகளில் அடைத்து, குழந்தையின் கரடிப் பொம்மை எந்தப் பையில் போயிற்று என்று தேடி, புதிய கட்டடத்தில் கழிப்பறை எங்கே என்று கற்றுக்கொண்டு வாரத்தைத் தொடங்க வேண்டும். எங்களுக்கு ஆண்டில் நான்கு முறை வரும் வேலை அவர்களுக்கு வாரந்தோறும் வந்தது. தன்னார்வலர் களைக்காமலிருக்கச் செய்த ஏற்பாட்டில் களைத்தவர்கள் விருந்தினர்கள். எங்கள் கூட்டங்களில் இது அவ்வப்போது பேச்சுக்கு வரும், பிறகு அட்டவணையின் அழகில் மறைந்துவிடும்.

2020 மார்ச்சில் கொரோனா அந்த விவாதத்தை ஒரே வாரத்தில் முடித்துவைத்தது. வெவ்வேறு கட்டடங்களில் வெவ்வேறு தன்னார்வலர்களோடு குடும்பங்களைக் கலந்து தங்கவைப்பது ஆபத்தாயிற்று. இரவுக் காவலுக்கு எண்பது வயதுத் தன்னார்வலர்களை அழைப்பது அதைவிட ஆபத்து. நாடெங்கும் கிளைகள் சுழற்சியை நிறுத்தி, குடும்பங்களை மோட்டல்களுக்கும் தனி அடுக்ககங்களுக்கும் நிலையான ஒரே கட்டடத்துக்கும் மாற்றின. நாங்கள் சமைத்த உணவைக் கதவருகே வைத்துவிட்டு நகர்ந்தோம். மேசைப் பேச்சு போயிற்று, அது இழப்புத்தான். ஆனால் தங்கள் கதவைத் தாங்களே பூட்டிக்கொள்ளும் வசதி கிடைத்த குடும்பங்கள் அந்த மேசையை நினைத்து வருந்தியதாக எனக்குத் தெரியவில்லை. பொது முடக்கம் விலகிய பிறகு பல கிளைகள் பழைய சுழற்சிக்குத் திரும்பவில்லை. எங்கள் கிளையும் ஒரே இடத்தில் நிலைத்த தங்குமிடத்தைத் தேர்ந்தெடுத்தது.

இம்முடிவு எளிதாக வரவில்லை. முப்பது ஆண்டுகளாகத் தங்கள் வகுப்பறையில் கட்டில் போட்டவர்கள், “அப்படியானால் எங்களுக்கு என்ன வேலை?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. வீடற்றவர்களை நேரில் பார்த்து, ஒரே மேசையில் உண்டவர்கள்தாம் பின்னர் நகரசபைக் கூட்டத்தில் மலிவு வாடகைக் குடியிருப்புக்கு ஆதரவாகக் கைதூக்கினார்கள். காசோலை மட்டும் அனுப்பியவர்களை அங்கே நான் அதிகம் கண்டதில்லை. ஆனாலும், தன்னார்வலரின் கல்விக்காகக் குழந்தை வாரந்தோறும் இடம் மாறட்டும் என்று எவரும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. முடிவு சரியானதே என்பது என் கருத்து.

இதைப் போன்ற பணியைத் தங்கள் ஊரில் தொடங்க நினைப்போர் என்னிடம் கேட்கும்போது, முதலில் கட்டடத்தின் காப்பீட்டையும் தீயணைப்புத் துறை அனுமதியையும் பாருங்கள் என்கிறேன். ஆட்கள் பிறகு வருவார்கள், இவை இல்லாமல் ஓர் இரவுகூட நடக்காது. உணவுக் குழுவையும் காவல் குழுவையும் ஒருவரே நடத்த விடாதீர்கள். சம்பளம் பெறும் சமூகப் பணியாளர் ஒருவராவது வேண்டும். வாடகை வீடு தேடுவதையும் அரசு உதவிக்கு விண்ணப்பிப்பதையும் மாலை நேரத் தன்னார்வலரால் செய்து முடிக்க இயலாது. அவருடைய சம்பளத்துக்கு நன்கொடை கேட்பது சோற்றுக்குக் கேட்பதைவிடக் கடினம். ஆனால் கேட்டே ஆக வேண்டும். விடைபெற்றுப் புதிய வீட்டுக்குப் போகும் குடும்பத்தோடு, அவர்கள் விரும்பினால், ஓராண்டாவது தொடர்பு வைத்திருக்க ஒருவரை நியமியுங்கள். இரண்டாம் முறை வீடிழப்பது பெரும்பாலும் அந்தக் காலத்துக்குள் நேர்கிறது என்பது எங்கள் கிளையில் நாங்கள் கண்டது.

இப்போது எங்கள் பணியில் பாதிக்கு மேல், வீடு பறிபோகும் முன்பே தடுப்பதுதான். நிலுவை வாடகையில் ஒரு பகுதியைக் கட்டுவது, வீட்டுக்காரரோடு பேசித் தவணை வாங்குவது, வெளியேற்ற வழக்குக்கு இலவச வழக்கறிஞரிடம் அனுப்புவது போன்றவை அதில் அடங்கும். சமையலுக்கு ஆள் சேர்ப்பது இன்றும் எளிது. எங்கள் குழு இப்போது அலைந்து தேடுவது கார் பழுதுபார்ப்பு நிதிக்குக் கொடுப்போரைத்தான், ஏனெனில் பேருந்து ஓடாத நேரத்தில் கிடங்குப் பணிக்குச் செல்லும் தாயின் கார் நின்றுபோனால், இரண்டாம் வாரம் வேலையும் மூன்றாம் மாதம் வீடும் போய்விடுகின்றன.